ஒருமையில் பேசியவள்

"குடிட்டி" என்று செம்பை நீட்டினாள் சீனியம்மாள். கனகவள்ளி வாங்கவில்லை. தாகமில்லை என்றாள். மே மாதம், தகரக் கூரை, மாட்டுங்கா லேபர் கேம்ப்பே வெந்து கொண்டிருந்தது. உதடு வெடித்துப்போன பெண் தாகமில்லை என்கிறாள். பெற்றவளுக்கு எரிச்சல் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு செம்பைக் கீழே வைத்தாள்.

சாயங்காலம் தண்ணீர் குடித்தால் விடிவதற்குள் வெளியே போக வேண்டியிருக்கும். அதுதான் விஷயம். பெண்கள் கக்கூஸ் மைதானத்தின் கோடியில் இருந்தது. அதற்குப் போகிற ஒரே வழி கிளப் வாசல். போன மாதம் பெண் நீர்க்கடுப்பில் துடித்தபோது, தர்மாஸ்பத்திரி டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார். டாக்டர் வீட்டில் கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும், பாவம், அவரைச் சொல்லி என்ன பயன்.

கிளப்புக்குப் பெயர் கலை விளையாட்டு மன்றம். போர்டு மூன்று பாஷையில் இருந்தது. கலையை யாரும் கண்டதில்லை. விளையாட்டு இருந்தது, சீட்டு விளையாட்டு. வடாலாவிலிருந்தும் டிராம்பேயிலிருந்தும் சம்பளக் கவரோடு ஆட்கள் வந்தார்கள். மட்கா சூதாட்டத்துக்கு நம்பர் எழுதுகிறவன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். தோற்றவனெல்லாம் விடிகாலையில் வெளியே வந்து, சுவரோரம் நின்று, போகிற வருகிற பெண்கள் மேல் தன் வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டான். போன வாரம் ஒருவன் கனகவள்ளியின் தாவணியைப் பிடித்து இழுத்துவிட்டான்.

அதற்கு அவள் அப்பன் சுடலை ஒரு தீர்வு கண்டுபிடித்திருந்தான். தோல் பட்டறையில் நாளெல்லாம் நின்று காலில் சுண்ணாம்புப் புண் வந்த மனுஷன். கெட்டவனில்லை, அலுத்துப்போனவன். அன்று சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி சொன்னான்: "புள்ளைய ஊருக்கு அனுப்பிருவோம். எங்க அக்கா மகன் கட்டிக்கிடுதேங்கான்."

அக்கா மகனுக்கு முப்பத்தைந்து வயது. முதல் தாரம் செத்து, இரண்டு குழந்தைகள். கனகவள்ளிக்குப் பதினைந்து. கிளப்பை நகர்த்த யாராலும் ஆகாது. பெண்ணை நகர்த்த ஒரு ரயில் டிக்கெட் போதும். சீனியம்மாள் தட்டை எடுத்துக் கழுவினாள்.

போன முனிசிபல் தேர்தலில் அந்த மைதானத்தைக் காட்டித்தான் கார்ப்பரேட்டர் ஓட்டுக் கேட்டார். இங்கே பெண்களுக்கு இன்னொரு வரிசைக் கக்கூஸ் வரும், குழாய் வரும் என்று கையடித்துச் சொன்னார். ஜெயித்தார். கிளப் வந்தது. இப்போது கிளப்புக்கு ஆண்டு விழா, அவரே தலைமை.

விழாவில் அவரிடம் நேரிலேயே கேட்டுவிடுவது என்று தெருப்பெண்கள் கூடிப் பேசினார்கள். ஆனால் கேம்ப்பின் தமிழ்ச் சங்கத்தில் பெண்பிள்ளை சபையில் பேசுகிற வழக்கமில்லை. செயலாளர் தங்கபாண்டி மூலமாகத்தான் பேச வேண்டும். தங்கபாண்டி பலசரக்குக் கடைக்காரர், இந்தி சரளமாக வரும், கார்ப்பரேட்டர் தோளைத் தட்டிப் பேசுகிற அளவுக்குப் பழக்கம். கிளப்புக்குள் டீக்கடை வைத்திருந்தது அவருடைய மச்சினன். ஊருக்கே தெரிந்த விஷயம் அது.

விழாவன்று பெண்களெல்லாம் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாலை, மரியாதை எல்லாம் முடிந்தபின் தங்கபாண்டி பெரிய மனசு பண்ணி, தாய்மார்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டார். சீனியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்:

"இந்த எடத்துல எங்களுக்குக் கக்கூஸ் கட்டித் தாரேம்னு சொல்லித்தான ஓட்டு வாங்குனாவ. இப்ப சீட்டுக் கிளப்பு நிக்கி. வயசுப்புள்ளைய வெளிய போவ முடியல. இத எப்ப எடுப்பாவன்னு கேளுங்க, அண்ணாச்சி."

தங்கபாண்டி தலையாட்டிக்கொண்டு திரும்பினார். தாய்மார்களுக்கு ரொம்ப சந்தோஷம் என்று இந்தியில் ஆரம்பித்தார். சாகேபின் மெஹர்பானியை, அந்தத் தயவை, மறக்க மாட்டார்கள், வழி கொஞ்சம் இருட்டாக இருக்கிறது, ஒரு பல்பு போட்டுக் கொடுத்தால் புண்ணியம் என்று முடித்தார். கார்ப்பரேட்டர் சிரித்து, பல்பா, போட்டால் போச்சு என்றார். கைதட்டச் சொன்னார்கள். பெண்களும் தட்டினார்கள்.

சீனியம்மாள் தட்டவில்லை. கடைத்தெரு இந்தி அவளுக்குப் புரியும். கக்கூஸ் எப்படிப் பல்பானது என்று அவளுக்கு நன்றாகவே விளங்கிவிட்டது. நடு ஆள் வேண்டாம், நாமே கேட்டுவிடுவோம் என்று எழுந்தாள்.

அவளுக்கு மராத்தி தெரியும். தாதரில் காளே பாயி வீட்டில் பல வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிறாள். அந்த வீட்டில் அவள் பேசுவதெல்லாம் "ஹோ பாயி", சரியம்மா, என்பது ஒன்றுதான். மற்றதெல்லாம் காதில் விழுந்தது. காளே பாயி மாமனாரிடம் எப்படிப் பேசுவாள், விருந்தாளியிடம் எப்படிப் பேசுவாள் என்பதெல்லாம் முன்கட்டு விஷயம், பின்கட்டுக்கு வராது. பின்கட்டுக்கு வந்த மராத்தி ஒன்றே ஒன்றுதான். சீனியம்மாள் அறிந்த மராத்தி அதுதான். அதையே மராத்தி என்று நம்பியிருந்தாள்.

"இக்டே பக்" என்றாள் கார்ப்பரேட்டரைப் பார்த்து. இங்கே பார் என்று அர்த்தம்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் நிறுத்தவில்லை. உனக்கு எத்தனை தடவை சொல்வது, காது கேட்காதா என்றாள். எடுத்ததை எடுத்த இடத்தில் வை என்றாள். மழுப்பாதே, நிஜத்தைச் சொல் என்றாள். உச்சரிப்பு அப்படியே காளே பாயி. அந்த மூக்கில் பேசும் ராகங்கூடத் தப்பவில்லை. கார்ப்பரேட்டரோடு வந்திருந்த இரண்டு பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். கார்ப்பரேட்டரின் முகம் செத்துப்போயிற்று. அடுப்படியில் திட்டு வாங்குகிறவனைப் போல ஒரு விநாடி முழித்தார். பிறகு மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் காருக்கு நடந்தார்.

மறுநாள் இந்தச் சேதி தாதர் வரைக்கும் போயிருந்தது. காளே பாயி அவளைப் பின்கட்டில் நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டாள்: பெரிய மனிதரை நீ, வா, போ என்று பேசினாயாமே, இந்த மாதிரிப் பேச்சை எங்கேயடி கற்றாய்? சீனியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. மராத்தியிலும் "நீங்க" என்று ஒன்று உண்டு. இத்தனை காலம் இந்த வீட்டில் உழைத்தும் அது தன் காதுக்கு வரவேயில்லை. "ஹோ பாயி" என்று சொல்லிவிட்டுச் சாம்பலைத் தொட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

சங்கம் கூடியது. சீட்டுக் கிளப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தாவணியைப் பிடித்தவனைப் பற்றியும் இல்லை. ஒருமையில் பேசிவிட்டாள், அதுதான் குற்றம். காலமே சரியில்லை, போன வருஷந்தான் மதராசிக் கடைப் போர்டுகளை அடித்து உடைத்தார்கள், இந்த நேரத்தில் மராத்திக்காரப் பெரிய மனுஷனைப் பகைக்கலாமா என்றார்கள். அந்தப் பயம் பொய்யில்லைதான். ஆனால் பயத்தைக் காட்டி யார் காரியம் நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? அவள் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் சுடலை வீட்டுக் கோயில் வரியை வாங்குவதில்லை என்று முடிவானது. வரி வாங்காவிட்டால் நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வாசல் மிதிக்கமாட்டார்கள். செத்தால் தூக்க ஆளிராது.

வாரம் முடிவதற்குள் பல்பு வந்துவிட்டது. தங்கபாண்டி கேட்ட பல்புதான், கிளப் வாசலுக்கு மேலேயே. இப்போது ஆட்டக்காரர்கள் காற்றாட வெளியே உட்கார்ந்து, வெளிச்சத்தில், எந்தப் பெண் போகிறாள் என்று முகம் பார்த்துப் பேச வசதியாயிற்று.

சுடலை சண்டை போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபடி, ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரு என்று மட்டும் சொன்னான். குரலில் கெஞ்சல்தான் இருந்தது. சீனியம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"போயிக் கேக்கேன். ஆனா புள்ள ஊருக்குப் போவாது. எங்கூடத்தான் இருப்பா. வெள்ளன எந்திரிச்சு நான் கூட்டிட்டுப் போறேன், அந்தக் கிளப்பு வாசல்ல நீங்க வந்து நில்லுங்க. இதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க."

சுடலை குனிந்து கால் புண்ணைத் தடவிக்கொண்டான். பிறகு, "நீ அங்க போயி ஏதாவது ஏடாகூடம் பண்ணுன, அடுத்த ரயிலுலயே அவள ஏத்திருவேன், பாத்துக்க" என்றான். சம்மதம் என்பதை அவன் சொன்ன விதம் அது.

கார்ப்பரேட்டர் ஆபீஸ் முழுக்கக் குறை சொல்ல வந்த ஜனங்கள், எல்லாரும் மராத்திக்காரர்கள். தங்கபாண்டி வழியெல்லாம் "மாஃப் கீஜியே சாகேப்" என்று இந்தியில் மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு வந்திருந்தார். மராத்தியில் பேசின பேச்சுக்கு மராத்தியிலேயே கேட்டுவிடுகிறேன் அண்ணாச்சி என்றாள் அவள். நல்லதாகப் போயிற்று என்றார் அவர். அவருக்கு இந்திதான், மராத்தி வராது.

மன்னிப்பு என்பதற்கு மராத்தியில் என்ன வார்த்தை என்று சீனியம்மாளுக்குத் தெரியாது. கப் உடைந்தாலும், பால் பொங்கினாலும், அந்த வீட்டில் பேச்சு முடிவது ஒரே வாக்கியத்தில்தான். அதைச் சொன்னால் விஷயம் தீர்ந்தது என்று அர்த்தம். யார் யாரைப் பார்த்துச் சொல்வது அது என்பது இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். கனகவள்ளியை நினைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைகூப்பி, தலை குனிந்து, மிகப் பணிவாகச் சொன்னாள்:

"பரத் அசம் கரூ நகோஸ்."

இனிமேல் இப்படிச் செய்யாதே.

வரிசையில் நின்ற ஒரு கிழவி இருமுவது போலச் சிரித்தாள். மற்றவர்கள் கார்ப்பரேட்டரையே பார்த்தார்கள். அவர் எதிரில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, இந்தப் பாத்திரம் தேய்க்கிறவள் தன்னை மறுபடியும் கண்டித்தாள் என்று தன் ஜனங்களுக்கு முன்னால் தானே வாயால் சொல்வது. மற்றது, அதையே மன்னிப்பு என்று வாங்கிக்கொள்வது. அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

என்ன சொன்னாள் சாகேப் என்று தங்கபாண்டி பதறிக் கேட்டார்.

"மாஃபி மாங் லீ, மாஃபி", மன்னிப்புக் கேட்டாயிற்று என்று இந்தியில் சொல்லி, கார்ப்பரேட்டர் கையை வீசினார். அழைத்துக்கொண்டு போ என்றார்.

தங்கபாண்டிக்கு உயிர் வந்தது. தெருவுக்கு வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வரியை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன், சுடலை கவலைப்பட வேண்டாம் என்றார். மனசு நிறைந்து போய்த் தங்கையிடம் பேசுகிற மாதிரிப் பேசினார்.

"ஒரு வார்த்ததான தாயி. இத அன்னைக்கே சொல்லியிருந்தா இம்புட்டுப் பாடு உண்டுமா?"

"ஆமா அண்ணாச்சி" என்றாள் சீனியம்மாள். "ஓட்டுக் கேட்டு வந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும்."