வாசலில் தொங்கிய மணி

மாமனாருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. பக்கத்தில் இடி விழுந்தாலும் பேப்பரைத்தான் புரட்டுவார். கடலுக்கடியில் டைவர் வேலை பார்த்தே செவிப்பறை போய்விட்டது. ஆனால் வாசலில் தொங்கும் மணி மட்டும் எப்படியோ அவரிடம் போய்ச் சேரும். அடித்தால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் "வரேன், வரேன்" என்று எழுந்து வருவார். காலிங் பெல் வாங்கலாம் என்று மகன் சொன்னபோது, "அது உனக்குக் கேக்கும், எனக்குக் கேக்குமா?" என்று வாயை அடைத்துவிட்டார். கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கும்போதெல்லாம் மிச்சத்தை மணிக்கும் பூசிவிடுவார். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

மருமகள் தொல்பொருள் துறையின் வக்கீல். அவள் தலையில் அப்போது ஒரு வழக்கு. துறைமுகத்துக்கு வெளியே மணலில் புதைந்து கிடக்கும் பழைய கப்பலைத் தோண்டி, உள்ளே இருப்பதை ஏலம் விட ஒரு கம்பெனி கிளம்பியிருந்தது. பேரும் தெரியாது, மூழ்கிய காலமும் தெரியாது, நாதியற்ற சொத்து, எடுத்தவனுக்குத்தான் உரிமை என்பது அவர்கள் கட்சி. அவள் கட்சி வேறு: நூறு வருஷம் நீரில் கிடந்துவிட்டால் அது சரக்கு இல்லை, மனித குலத்தின் மரபு. கிடக்கும் இடத்திலேயே விடத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறது நாடுகள் கூடி எழுதிய ஒப்பந்தம். சரி, நூறு வருஷம் ஆயிற்று என்று யார் வந்து சாட்சி சொல்வது, கடல் மீன்களா? பெயர் கிடைத்தால் பழைய துறைமுகப் பதிவில் தேதி கிடைக்கும். அந்தப் பெயருக்காக அவள் எழுதிக் கேட்காத ஆவணக் காப்பகம் இல்லை.

ஒரு சனிக்கிழமை சாவியை மறந்துவிட்டு வந்து மணியை அடித்தாள். மாமனார் குளித்துக்கொண்டிருந்தார் போலும். உரிந்து நிற்கும் பெயின்டைக் கண்டால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? நகத்தால் நெம்பினாள். பட்டையாகக் கழன்று வந்தது. அடியில் வெண்கலம், வெண்கலத்தில் ஓர் எழுத்து. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கப்பல் மணியில்தான் கப்பலின் பெயரைப் பொறித்து வைப்பார்கள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள், அதுவும் வாழ வந்த வீட்டின் வாசலில்.

கதவு திறந்ததும் செல்போனில் பெரிதாகத் தட்டிக் காட்டினாள்: இது எங்கே கிடைச்சது மாமா?

"அதுவா? ஒரு படகோட நங்கூரம் அடியில மாட்டிக்கிச்சு, எடுத்துவிடப் போனேன். மணல்ல இது தலையை நீட்டிட்டு இருந்துச்சு. கொண்டுவந்து உங்க அத்தைகிட்ட குடுத்தேன். அவ இருந்தவரைக்கும் சாப்பிட வரச்சொல்லி இதைத்தான் அடிப்பா."

கடல் வரைபடத்தை விரித்தாள். அவர் விரல் வைத்தது கப்பல் கிடக்கும் அதே இடம்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கோர்ட்டுக்குப் போகும் மணி வீடு திரும்பாது, மியூசியத்துக்குத்தான் போகும். பகலெல்லாம் தனியாக இருக்கும் மனிதரை அப்புறம் எது கூப்பிடும்? விரித்த வரைபடத்தை மடித்து வைத்தாள். மேஜையில் கிடந்த வழக்குக் காகிதங்களை அவரே எடுத்துப் படித்தார். மறுநாள் காலையில் மணியைக் கழற்றி அவள் மடியில் வைத்தார்.

போனா திரும்பி வராது மாமா, என்று தட்டினாள்.

"தெரியும்மா. அந்தக் கப்பலோட எத்தனை பேர் போனாங்களோ. அதோட பேரை நான் பெயின்ட் அடிச்சு மூடி வச்சிருக்கேன். போதும்."

பெயர் கிடைத்தது, பதிவில் தேதியும் கிடைத்தது. நூறு வருஷம் எப்போதோ தாண்டியிருந்தது. எங்கே எடுத்தேன் என்று மாமனார் கூண்டில் ஏறிச் சொன்னார். கப்பலை யாரும் தொடக்கூடாது, மணி மியூசியத்துக்கு என்று தீர்ப்பு வந்த அன்று, அவர் கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

தீர்ப்பு முடிந்ததும் கோர்ட் ஊழியர் மணியைத் தூக்கினார். கனம் தெரியாமல் தூக்கியதில் அது சரிந்து, நாக்கு ஒருமுறை அடித்தது.

"வரேன், வரேன்."

மாமனார் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, விறுவிறுவென்று போய்க் கோர்ட்டின் கதவைத் திறந்தார். வெளியே வராந்தா காலியாக இருந்தது. பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. தோற்ற கம்பெனியின் வக்கீல்கூடச் சிரித்தார். வழக்கை ஜெயித்தவள் மட்டும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"யாரும்மா வந்தது?"

"யாரும் இல்ல மாமா," என்றாள். அது அவருக்குக் கேட்கவில்லை. கதவைப் பிடித்தபடியே நின்றார்.