மஞ்சள் துணியில் முடிந்த பணம்

தடாவில் புதிதாக வந்த தொழிற்சாலையில் ஸ்ரீஹரிக்கு வேலை கிடைத்ததும், அவன் மனைவி தாட்சாயணியும் பாலசமுத்திரத்தை விட்டு அவனுடன் வந்து சேர்ந்தாள். குடியிருந்தது ஒற்றை அறை. குளியலறை அந்த வரிசை முழுவதற்கும் பொது. தாழ்ப்பாள் இல்லாத அதன் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் மொண்டு ஊற்றும்போதெல்லாம், அடுத்த தெருவில் கமலம்மா வாடகைக்கு விடும் வீடுகள் அவள் நினைவுக்கு வரும். அங்கே வீட்டுக்குள்ளேயே குளியலறை உண்டு. முன்பணம்தான் இல்லை.

ஸ்ரீஹரி நல்லவன்தான். ஆனால் அவன் கையில் காசு தங்காது. ஷிப்ட் முடிந்தால் நண்பர்களோடு பிரியாணி, கடைக்குப் புது செல்போன் வந்தால் அதுவும் வேண்டும். அவள் பணத்தை அரிசி டப்பாவில் ஒளித்தாலும் மோப்பம் பிடித்து எடுத்துவிடுவான். "சம்பாதிக்கறது எதுக்கு மே? துன்னாம கொள்ளாம பொணமாட்டம் கெடக்கவா?" என்பான். ஆசை அவளுக்கும் இருந்தது.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. அவர்கள் பக்கத்தில் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டால், காணிக்கைப் பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைப்பார்கள். அதை உயிரே போனாலும் வீட்டுச் செலவுக்குத் தொடமாட்டார்கள். தாட்சாயணி எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. துணியை மஞ்சளில் நனைத்து முடிச்சுப் போட்டு, படத்தடியில் வைத்து, அவன் பார்க்கக் கற்பூரம் காட்டினாள், அவ்வளவே. பூ, ஞாயிற்றுக்கிழமைக் கறி, சினிமா என்று தனக்கு மட்டும் மறுத்துக்கொண்டு மிச்சம் பிடித்ததையெல்லாம் அதில் சேர்த்தாள். ஸ்ரீஹரியோ தினமும் அதன் முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

கமலம்மாவின் வீடொன்று காலியான அன்று அவள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவன் வந்துவிட்டான்.

"இன்னா மே பண்ணிக்கினு கீற? சாமி துட்டு மே அது!"

"நான் எங்க மாமா வேண்டிக்கினேன்? உன் கைக்குப் பயந்துகினு இல்ல முடிஞ்சி வெச்சேன்."

"கற்பூரம் காட்டினியா இல்லியா? நான் தெனம் கும்புட்டேனே, அது பொய்யா?" அவன் முகம் வெளுத்திருந்தது. "நாளைக்கு மெஷின்ல என் கை பூட்ச்சின்னா யாரு மே பதில் சொல்றது?"

முடிச்சை அவளே மறுபடி இறுக்கிக் கொடுத்தாள்.

வழிச்செலவுக்குச் சம்பளத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு, கூட்டாளிகளோடு மலையேறி, உண்டியலில் போட்டுவிட்டு, மொட்டைத் தலையோடு திரும்பினான் ஸ்ரீஹரி. வரிசை முழுவதற்கும் லட்டு கொடுத்தான். கமலம்மாவும் வந்து கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உன் வூட்டுக்காரருக்கு இன்னா பக்திம்மா! அந்த வூட்டுக்கு வேற ஆளு வந்துட்டாங்க. தப்பா நெனச்சிக்காத."

அவள் போனபின் ஸ்ரீஹரி மனநிறைவோடு சொன்னான்: "இனிமே வருசா வருசம் போலாம் மே. இன்னொரு துணி முடிஞ்சி வையி."

"நீயே சேத்துக்க மாமா."

அவன் கள்ளமில்லாமல் சிரித்தான். "என்னால எங்க மே முடியும்? உனுக்குத்தான் எதுமேலயும் ஆசையே இல்ல."