கணக்கை விட்ட காரணம்

ஓசூர் ஃபேக்டரியில் ஒரு லைன் ஆட்களையே அதட்டி வேலை வாங்கும் ஜெபசீலி, அத்திப்பள்ளி தாண்டியிருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் நேர்காணல் அறையில் பெட்டிப்பாம்பாக அடங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள் ரூபி. எதிரே, ரூபியின் மார்க் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியை.

“தொண்ணூத்தியேழு பர்சன்ட். சந்தோஷம். ஆனா நாங்க மார்க்கை மட்டும் பாக்கறதில்ல, எந்தப் பாடத்துல வாங்கினதுன்னும் பாப்போம். எகனாமிக்ஸ்ல முக்கால்வாசி மேத்ஸ். மேத்ஸ் எடுத்து எண்பது வாங்கின பொண்ணுக்கு இங்க வெயிட்டேஜ் ஜாஸ்தி. நீ பதினொண்ணாவதுல மேத்ஸ் குரூப்ல சேந்துட்டு, நடுவுல காமர்ஸுக்கு மாறியிருக்கே. ஏம்மா?”

காலாண்டுத் தேர்வில் கணக்கில் நாற்பத்தொன்று வந்ததும் பதறிப்போய்ப் பள்ளிக்கு ஓடி, ஹெட்மாஸ்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் குரூப்பை மாற்றியவள் ஜெபசீலிதான். சுலபமான பாடம் எடுத்தால் மார்க் கொட்டும், மார்க் இருந்தால் எந்தக் காலேஜும் கூப்பிட்டுச் சீட் தரும் என்று நம்பினாள். அவளை மட்டும் சொல்வானேன், ஊரே அப்படித்தான் நம்புகிறது. ரூபி மாட்டவே மாட்டேன் என்று அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். யார் கேட்டது?

“நான்தான் மேடம் மாத்திக்கிட்டேன்,” என்றாள் ரூபி. “கஷ்டமா இருந்துச்சு.”

பேராசிரியையின் முகம் சுருங்கியது. போச்சு, சீட்டு போச்சு என்று ஜெபசீலிக்குத் தோன்றிவிட்டது.

“பொய் சொல்றா மேடம்!” என்று குறுக்கே விழுந்தாள். “மாத்துனது நானு. பெயிலாயிருவாளோன்னு பயந்துட்டேன்.”

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை நேராகப் பார்த்தார். “சரி, இப்ப கேக்கறேன். இங்க மூணு வருஷமும் மேத்ஸ் இருக்கு. உங்க பொண்ணு தாங்குவாளா?”

தாங்குவாள் மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரவில்லை. அந்த நாற்பத்தொன்று கண்முன்னால் வந்து நின்றது. இங்கேயும் தோற்றுவிட்டால்? பிள்ளை உடைந்துபோனால்? முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

ரூபி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருந்தாள். அப்புறம் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

“நீ கொஞ்சம் வெளிய இரும்மா,” என்றாள். “நான் பேசிக்கறேன்.”

ஜெபசீலி எழுந்து வெளியே நடந்தாள். அவள் கதவைச் சாத்தும்வரை மகள் திரும்பிப் பார்க்கவில்லை.