அக்கா இடம் மாறிய அலைவரிசை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, டயர் கடை மாடியிலிருந்த வானொலிக் கழக அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கழகத் தலைவரான பல் டாக்டர், புகார் கொடுத்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், புகாருக்கு ஆளான அக்கா, அவருக்குத் துணையாக வந்த தம்பி. ஐந்தாவது ஆள் இல்லை. பிறகு கண்ணால் பார்த்ததுபோல் பேசியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அக்கா துறைமுகத்தில் தந்தி அனுப்பி ஓய்வு பெற்றவர். மாலையானால் வீட்டிலிருக்கும் அமெச்சூர் வானொலிப் பெட்டியில், கடலுக்கு அப்பால் இருக்கும் தோழியோடு மோர்ஸில், அதாவது புள்ளியும் கோடுமாகத் தட்டும் தந்தி மொழியில், பேசுவார். அலைவரிசையில் எப்போதும் ஒரே இடம். டயலில் பென்சில் கோடு போட்டிருக்கும்.

“பக்கத்துத் தெருவுல இருந்துக்கிட்டு எங்க மேல ஏறி மிதிக்கிறீங்கம்மா,” என்றார், வானொலியோடு கம்ப்யூட்டரை இணைத்து எழுத்தில் செய்தி அனுப்பிப் பெறும் கடைக்காரர். “நீங்க ஆரம்பிச்சா என் திரையில ஒரு எழுத்து வர மாட்டேங்குது.”

அக்காவின் முதுகு நாற்காலியில் படவில்லை. “எங்க வீட்டு ஆளுங்க அடுத்தவங்க பேச்சுல குறுக்கே போனதே இல்லை. யாராவது இருக்கீங்களான்னு தினமும் ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். ஒரு ஈ, காக்கா பதில் சொல்லலை.”

“மோர்ஸ்ல கேட்டா கம்ப்யூட்டருக்கு என்னம்மா தெரியும்?”

“அதுக்கு மரியாதை சொல்லிக்கொடுக்க வேண்டியது நீங்க.”

தம்பி சிரிப்பை இருமலாக்கினார்.

டாக்டர் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். அலைவரிசை ஒரு நீளப் பட்டை. கீழே மோர்ஸ், நடுவில் கம்ப்யூட்டர், மேலே பேச்சு; அக்காவின் இடம் நடுவில் இருந்தது. “சட்டப்படி மோர்ஸ் எங்க வேணும்னாலும் அனுப்பலாம். இது நமக்குள்ள செஞ்சுக்கிட்ட ஏற்பாடு, அவ்வளவுதான். அக்கா மேல தப்புன்னு சொல்ல முடியாது.”

“தீர்ந்துது. வா அக்கா, போகலாம்,” என்று தம்பி எழுந்தார்.

அக்கா எழவில்லை. அந்தப் பென்சில் கோடு, கம்ப்யூட்டர்காரர்கள் வருவதற்கு முன்பே போட்டது. தோழிக்கு இப்போது கண் சரியில்லை. டயலை அங்கேயே வைத்துவிட்டுக் காத்திருப்பாள். இடத்தை விட்டால் அவளையும் விட்டதாகிவிடும்.

“உங்க ஆளுங்க இப்ப இருக்காங்களா?” என்று கடைக்காரரைக் கேட்டார்.

கடைக்காரர் கழகத்தின் வானொலிப் பெட்டியை அக்காவின் இடத்துக்குத் திருகினார். இரைச்சல் மட்டும் வந்தது. அக்கா காதை ஒலிபெருக்கியோடு ஒட்டி வைத்தார். புயல் இரைச்சலுக்குள்ளிருந்து கப்பல்களைப் பிடித்து இழுத்த காது அது.

“யாரும் இல்லையே.”

கடைக்காரர் பெட்டியோடு இணைத்திருந்த கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். திரையில், காதுக்கு எட்டாத தொலைதூர நிலையங்களின் பெயர்கள் வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தன. அக்கா திரையைப் பார்த்தார். மறுபடி இரைச்சலைக் கவனித்தார். ஆள் நிறைந்த கூடத்துக்குள் இருட்டில் நுழைந்து, காலி என்று நினைத்து இத்தனை நாள் சத்தம் போட்டிருக்கிறோம் என்று அவருக்குப் பட்டது.

“சட்டத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிற வீடு இல்லை எங்களுது,” என்றார். “நான் கீழே மோர்ஸ் பகுதிக்கே போறேன். ஆனா அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அவ வேற எங்கேயும் தேட மாட்டா.”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “சாயங்காலம் என் மிஷினை நிறுத்தி வைக்கிறேன். மத்தவங்க இருப்பாங்கதான். ரெண்டு வார்த்தைக்கு ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது, சொல்லிட்டுப் போங்கம்மா.”

அன்று மாலை அக்கா கோட்டில் டயலை வைத்துத் தோழியின் அடையாளக்குறியை அனுப்பினார். ‘நான் மோர்ஸ் பகுதிக்குப் போகிறேன், கீழே வந்து தேடு.’ அவ்வளவுதான். டயலைக் கீழே இறக்கி, அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, கூப்பிட்டார். பதில் இல்லை. மீண்டும் கூப்பிட்டார். தம்பி வாசற்படியிலேயே நின்றார்.

வெகுநேரம் கழித்து, தட்டுத் தடுமாறி, தெரிந்த கையின் தட்டல் வந்தது.

‘ஏன்டி, அங்கே வாடகையை ஏத்திட்டாங்களா?’

அக்கா அன்று முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்தார்.

கழகம் அக்காவை நடுப்பகுதியிலிருந்து துரத்திவிட்டது என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். யாரும் துரத்தவில்லை. அக்கா தானாகப் போனார்.