மூன்றாவது கண்ணாடி

இரண்டாவது பேருந்து அவள் கண்ணெதிரிலேயே கிளம்பிப் போனது. ஓடினாள், கையைத் தட்டினாள், பின்படியில் நின்றவர்கள்கூட அவளுக்காகக் கத்திப் பார்த்தார்கள். ஓட்டுநர் காதில் விழவில்லை. அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. அக்கரை மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஏழரைக்கு அவள் இருக்க வேண்டும். ரயில் ஓடியவரை பதினெட்டு நிமிடம்தான். ஆற்று ரயில் பாலத்தின் தூண் சாய்ந்து, பாதையை மூடிவிட்ட பிறகு, எங்கோ இருக்கும் சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு, நடுவில் ஒரு முறை மாறி, இரண்டேகால் மணி நேரம்.

"வா தாயே, வா. உனக்காகக் காத்திருந்து முதல் பெஞ்சுல ரெண்டு பேர் மயக்கமே போட்டுட்டாங்க," என்றாள் உடன் வேலை செய்பவள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பெரிய டாக்டர் கேட்டுட்டார்டீ. அடுத்த மாசமும் இப்படின்னா வேற ஆளைப் போட்டுடுவாராம். பேசாம என் ரூமுக்கு வந்துடு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போய்க்கோ. ஆறு நாள் தானே சமைச்சுச் சாப்பிட்டா உன் வீட்டுக்காரர் இளைச்சா போயிடுவார்?"

கல்யாணமாகி மூன்று வருடம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியைக் கட்டிலில் விரித்து வைத்துப் புடவைகளை அடுக்கினாள். கணவன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து மடித்த துணியையே மறுபடி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அதே ரயில் பாதையில் பாலங்களைப் பார்வையிடும் வேலை அவனுக்கு. இப்போது ரயிலே வராத தண்டவாளத்துக்குக் காவல்.

"ஒரு வருஷம் முன்னாடியே பாத்திருந்தா அந்த ஒரு தூணைச் சரி பண்ணியிருக்கலாமாமே. ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். எந்தப் புண்ணியவான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தானோ, அவனை ஒரு நாள் இந்த பஸ்ல ஏத்தி நிக்க வைக்கணும். நின்னுக்கிட்டே வரணும் அவன்," என்றாள்.

அவன் மடிப்பதை நிறுத்தினான்.

"நான்தான்."

"என்ன நீங்கதான்?"

தூணில் விரிசல் தெரிந்தால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதி வைப்பார்கள். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். வாரா வாரம் போய்ப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் இருப்பது ஒரே கேள்வி: கண்ணாடி முழுதாக இருக்கிறதா? இதையெல்லாம் அவளுக்கு முன்பே சொல்லியிருக்கிறான். சொல்லாததை இப்போது சொன்னான். முதல் கண்ணாடி உடைந்தபோது வெயிலில் உடைந்திருக்கும் என்று நினைத்து, வேறொன்று ஒட்டிப் பழைய தேதியையே எழுதினான். முழுதாக இருக்கிறது என்று பதிவேட்டிலும் எழுதினான். இரண்டாவது உடைந்தபோது வெயில் காரணமில்லை என்று அவனுக்குத் தெரியும். அதையும் மாற்றினான். எட்டு மாதம் கழித்து மூன்றாவது உடைந்த அன்றுதான் மேலதிகாரிக்குச் சொன்னான். அதற்குள் தூண் சாய்ந்துவிட்டிருந்தது.

"ஏன்?" என்றாள்.

"சொன்னா பாலத்துல வண்டியை மெதுவா உருட்டித்தான் ஓட்டுவாங்க. தினம் இருபது நிமிஷம் லேட்டாகும். உனக்கு அப்பத்தான் வேலை நிரந்தரமாகிற சமயம். ஒரு நாள் லேட்டானாலும் போச்சுன்னு நீ ராத்திரி எல்லாம் புலம்புவே. அதான்…"

"எனக்காகவா?"

"சரி பண்ணிடுவாங்கன்னு நினைச்சேன். மழைக்கு முன்னாடி எப்படியும் வருஷ மராமத்து வேலை எடுப்பாங்கன்னு…"

"அந்த வண்டியிலதாங்க நான் போனேன்." அவள் கையிலிருந்த புடவை நழுவியது. "அதுல நான் இருந்தேன். முந்நூறு பேர் இருந்தாங்க."

"தெரியும். அதனாலதான் தினம் கீழே வந்து நின்னேன். நீ தாண்டிப் போற வரைக்கும்."

அந்தக் காலை நேரங்கள் அவளுக்கு நினைவு வந்தன. ஆற்று மணலில் தலையை அண்ணாந்து அவன் நிற்பான். ஜன்னல் வழியே அவள் கையாட்டுவாள். கூட வருகிறவர்கள், "பாருங்கடி, கல்யாணம் முடிஞ்சும் சைட் அடிக்கிறார்," என்று கிண்டல் செய்வார்கள். அவளுக்கு முகம் சிவந்து போகும். அவன் ஒரு நாளும் பதிலுக்குக் கை அசைத்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது அவளை அல்ல, தூணை.

அழ வேண்டும் போல இருந்தது. அதைவிட அதிகமாக, எதையாவது எடுத்து வீச வேண்டும் போல இருந்தது. பெட்டியை மூடினாள். பூட்டு விழவில்லை. இரண்டு முறை முட்டியால் அழுத்தினாள். அவன் எழுந்து வந்து அழுத்த, பூட்டு விழுந்தது. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"நாளைக்கு நடந்ததை எல்லாம் எழுதிக் குடுக்கப் போறேன்," என்றான். "வேலை போனாலும் போகட்டும்."

"போகட்டும்னு ஈஸியா சொல்லிட்டீங்க. எல்லாம் உங்களுக்குப் போகட்டும்தான். கடைசியில பெட்டியோட போறது நான்தான்."

பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினார்கள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பேருந்து பாதி காலி. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். அவன் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றான். விசில் அடித்தாயிற்று. இறங்கவில்லை.

"சார், வழியனுப்ப வந்தீங்களா, வர்றீங்களா? சொன்னா டிக்கெட் கிழிப்பேன்," என்றார் நடத்துநர்.

அவன் அவளைப் பார்த்தான். வண்டி நகர்ந்தது. பக்கத்து இருக்கையில் கிடந்த பையின் வாரை அவள் விரல்கள் இறுகப் பற்றியிருந்தன. அவன் உட்கார இடம்விட்டு இழுக்கவும் இல்லை, பிடியை விடவும் இல்லை.