அஞ்சு கோலும் பதினாலு ஒப்புட்டும்

லோகப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள். ஊதமாட்டாள். வாயில் விசில் இருந்தால் பேச முடியாதல்லவா, அதற்காகத்தான். செங்காட்டுப்புதூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்த ஒன்பது வருஷத்தில் அந்த விசில் எத்தனையோ வம்பிலிருந்து அவளைக் காப்பாற்றியிருக்கிறது. இந்த வாரமோ அது வாயை விட்டு இறங்கவே இல்லை.

விஷயம் இதுதான். சுற்றுவட்டாரப் பள்ளிகள் ஆடும் மாணவிகளுக்கான குறுமையக் கால்பந்துப் போட்டி வெள்ளிக்கிழமை அவள் பள்ளி மைதானத்தில் நடக்க வேண்டும். காலை பத்து மணிக்கு நாலு அணிகள் வரிசையில் நின்றால்தான் போட்டி. ஒன்று குறைந்தாலும் ரத்து. அப்புறம் இந்தக் குறுமையத்திலிருந்து ஒரு பெண்ணும் மாவட்டத் தேர்வுக்குப் போக முடியாது. அவளுடையதையும் சேர்த்துப் பெயர் கொடுத்திருந்த பள்ளிகள் மூன்று. போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அக்ஷயாவுக்கு அடுத்த வருஷம் கிடையாதே. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். மாவட்ட அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அவள் அம்மா கீதா வேலை செய்யும் திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போக வேண்டியதுதான். அங்கே ஏற்கெனவே சொல்லி வைத்தாகிவிட்டது. பந்தைக் காலில் வாங்கினால் நாய்க்குட்டி மாதிரி அதைக் கூடவே கூட்டிப் போகிற பெண் அவள். அந்தக் கால் பனியன் குவியலுக்கு நடுவே மடங்கிக் கிடப்பதை லோகப்பிரியாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவளுடைய அறையில் ஒரு பழைய சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. எழுபத்து நாலில் இந்தக் குறுமையத்தில் முதன்முதலாகக் கால்பந்து ஆடிய ஆறு பள்ளிகளின் பெயர் அதில் எழுதியிருந்தது. ஆறும் பையன்கள் அணி. ஒன்றிலாவது பெண்கள் அகப்பட மாட்டார்களா என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அகப்பட்டதெல்லாம் வேறு. ஒரு பள்ளியில் கட்டடம் ஐந்து மடங்கு பெருத்திருந்தது, மைதானம் இருந்த இடத்தில்தான் அந்தக் கட்டடமே நின்றது. பிள்ளைகள் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று கைமாறி இங்கிலீஷ் பள்ளியாகிவிட்டது. பச்சைப்பசேல் என்று செயற்கைப் புல், நாலு மூலையிலும் விளக்குக் கம்பம். அவர்கள் ஆடுவது வேறு போர்டு போட்டியாம். காவலாளி அப்பாயின்ட்மென்ட் இருக்குதுங்களா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டு, அதைவிட மரியாதையாகக் கேட்டைச் சாத்தினார். மூன்றாவது பள்ளி தேய்ந்து தேய்ந்து தொடக்கப் பள்ளியாகிவிட்டது. மொத்தம் இருபத்தோரு பிள்ளைகள். கோல் போஸ்ட் மட்டும் அப்படியே இருந்தது, அதில் ஒரு எருமை கட்டியிருந்தது. கோல் காக்கும் கோலியாகவாவது அதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை. நாலாவது பள்ளி ஏற்கெனவே பெயர் கொடுத்த மூன்றில் ஒன்று. ஐந்தாவது அவளுடையதே. ஆக மிச்சம் பொன்னாங்காட்டுவலசு.

வலசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வம்சி அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“பதினோரு புள்ளைக இருக்குது டீச்சர். சும்மா சொல்லக்கூடாது, கோலி பூஜிதா பூனையாட்டம் பாயும். ஆனா உங்க கிரவுண்டுன்னா வர முடியாதுங்க.”

“ஏனுங்க சார், எங்க கிரவுண்டுல என்ன முள்ளா கெடக்குது?”

“அத நஞ்சுண்டன் அய்யாகிட்டத்தான் கேக்கோணும். ஜெர்சி அவர் குடுக்கறது, வேன் அவர் வேனு. முன்னாள் மாணவர் சங்கத் தலைவருங்க.”

நஞ்சுண்டன் தேங்காய்க் களத்தில் நின்றிருந்தார். அறுபத்தெட்டு வயசு, வெள்ளை வேட்டி, கதவை அடைக்கிற உடம்பு. செங்காட்டுப்புதூர் என்றதும் முகம் மாறியது. ஆனாலும் நாற்காலி வந்தது, இளநீர் வந்தது. கொங்கு நாட்டில் சண்டைக்கு வந்தவருக்கும் முதலில் இளநீர்தான்.

“குடிங்க அம்மணி. குடிச்சுப்போட்டுக் கேளுங்க. எழுவத்தி நாலு, மொத வருசம், பைனலு. நாந்தான் கோலி. உங்கூர்ல ஆடறோம். மேட்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால எல போட்டு உக்கார வெச்சாங்க. பருப்பு, நெய்யி, வெல்லப் பூரணம் வெச்ச ஒப்புட்டு. போதுமுங்க போதுமுங்கன்னா உட்டாங்களா? இன்னொண்ணு வெச்சுக்குங்க, இன்னொண்ணு வெச்சுக்குங்கன்னு... நான் பதினாலு ஒப்புட்டு தின்னேன்.”

“பதினாலுங்களா!”

“அப்பறம் எங்கிருந்துங்க தாவறது? நின்ன எடத்துல நின்னேன். அஞ்சு கோலு. அன்னைக்கு இருந்து எனக்கு ஊர்ல பேரே ஒப்புட்டுக் கோலி. அது விருந்து இல்லீங்க அம்மணி, சதி. தின்ன வெச்சே தோக்கடிச்சுப்போட்டாங்க. அந்த மண்ணுல எங்க பள்ளிக்கூடம் இன்னும் கால் வெக்கல.”

லோகப்பிரியாவுக்கு விசில் வாயருகே வந்தது. அடக்கிக்கொண்டு அக்ஷயாவின் கதையைச் சொன்னாள், ஒளிக்காமல் சொன்னாள். நஞ்சுண்டன் ஒரு தேங்காய் மட்டையைக் காலால் உருட்டித் தள்ளினார்.

“வாரேன். ஆனா ஒண்ணு. இந்தத் தடவ மொதல்ல உங்க புள்ளைக திங்கோணும், எங்க கண்ணு முன்னால. அப்பறந்தான் எங்க புள்ளைக வேன விட்டு எறங்கும்.”

“ஆகட்டுமுங்க,” என்று சொல்லிவிட்டாள். என்ன பெரிய விஷயம் என்று நினைத்தாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பாலகோபாலிடம் போனபோதுதான் தெரிந்தது.

பாலகோபாலுக்கு எண்ணெய் மில். எழுபத்து நாலில் செங்காட்டுப்புதூர் கேப்டன் அவர்தான், இப்போது போட்டி நாளன்று சாப்பாடு போடுவதும் அவர்தான். நிபந்தனையைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார்.

“வந்தவங்க காத்துக் கெடக்க நாம திங்கறதா? எங்க ஊட்ல அப்படி நடந்ததே இல்லீங்க டீச்சர்.”

“அன்னைக்கு நீங்க பண்ணுன சதியாலதானுங்க இத்தனையும்!”

சுருக்கென்று சொல்லிவிட்டாள். பாலகோபால் கோபித்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்.

“சதியுமில்ல ஒண்ணுமில்ல. எங்கப்பா தலைக்கு இத்தனைன்னு கணக்கா ரெண்டு டீமுக்கும் ஆக்கச் சொன்னாரு. மொதப் பந்தி வந்தவங்களுக்கு. அவிய நல்லாத் தின்னாங்க. ரெண்டாம் பந்திக்கு நாங்க உக்காந்தா சட்டியில ஒண்ணுமில்ல. பதினோரு பேரும் மோரக் குடிச்சுப்போட்டு எறங்குனோம். வயித்துல ஒண்ணுமில்ல, அதான் ஓட முடிஞ்சுது.”

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமேங்க!”

“எப்படிங்க சொல்றது? நீங்க எல்லாத்தையும் தின்னுபோட்டீங்கன்னு விருந்தாளிகிட்டச் சொல்ல முடியுமுங்களா? சதிகாரன்னு பேரெடுக்கலாம், அந்தப் பேரெடுக்கக்கூடாது. நீங்களும் சொல்லப்படாது. சத்தியம் பண்ணுங்க.”

சத்தியம் பண்ணினாள். வேறு வழி?

வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்கு வலசு வேன் வந்து வேப்பமரத்தடியில் நின்றது. கதவு திறக்கவில்லை. முன்சீட்டில் நஞ்சுண்டன். மைதானத்து ஓரத்தில் வாழை இலை விரித்திருந்தது, ஒப்புட்டு வாசம் தேசிய நெடுஞ்சாலை வரைக்கும் போயிருக்கும்.

“மொதல்ல உங்க புள்ளைக உக்காரட்டுமுங்க,” என்றார் நஞ்சுண்டன், ஜன்னல் வழியாக.

“மொதல்ல நீங்க எறங்கி வாங்க,” என்றார் பாலகோபால், இலைக்குப் பக்கத்தில் இருந்து.

“இல்லீங்க, நீங்க.”

“அதெப்படிங்க, நீங்க.”

இப்படியே ஒன்பதரை. ஒன்பதே முக்கால். இருவர் குரலும் உயரவேயில்லை. ஒரு ‘ங்க’ கூடக் குறையவில்லை. லோகப்பிரியா தன் பெண்களை இலையில் உட்காரச் சொன்னாள். பரிமாற வந்த ராசம்மாள் கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். “வந்த புள்ளைக வேனுக்குள்ள வேகுது, நான் உங்களுக்குப் போடுவனா?” என்றாள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மாவட்டத் தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ரத்து படிவத்தை எடுத்து வெயிட்டுக்கு ஒரு கல்லை வைத்தார். அக்ஷயா பூட்ஸ் கயிற்றைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் லோகப்பிரியாவைச் சுட்டது.

பத்துக்கு ஆறு நிமிஷம். லோகப்பிரியா வேனை நோக்கி நடந்தாள். வாயில் இருந்த விசிலை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க அய்யா! அன்னைக்கு இவிய யாருமே திங்கலீங்க! நீங்க தின்னதுல மிச்சமே இல்லீங்க! பதினோரு பேரும் வெறும் மோரக் குடிச்சுப்போட்டுத்தான் உங்களுக்கு அஞ்சு கோல் போட்டாங்க. வந்தவங்க மனசு சங்கடப்படுமுன்னு அம்பது வருசமா வாயத் தொறக்காம இருக்கறாரு இந்த மனுசன். நானும் சத்தியம் பண்ணிக் குடுத்தேன், இப்ப முறிச்சுப்போட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க. அந்தப் புள்ளைக்கு ஆறு நிமிசந்தான் இருக்குதுங்க!”

வேனுக்குள் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. நஞ்சுண்டன் சிரிக்கவில்லை. பாலகோபாலைப் பார்த்தார். பாலகோபால் தப்புச் செய்த பையனைப் போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைவிடச் சாட்சி வேண்டுமா?

நஞ்சுண்டன் கதவைத் தள்ளினார். “எறங்குங்க கண்ணு,” என்றார். “ஓடுங்க!”

பத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது நாலாவது அணி வரிசையில் நின்றது. தேர்வாளர் கல்லை எடுத்துவிட்டுப் படிவத்தைக் கிழித்தார். ஒப்புட்டை எல்லாரும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று லோகப்பிரியா ஒரே போடாகப் போட்டாள். அன்றைக்கு நாலு அணியும் மோரைக் குடித்துவிட்டுத்தான் ஆடின.

பைனல் செங்காட்டுப்புதூருக்கும் வலசுக்கும். பூஜிதா நிஜமாகவே பூனைதான். ஏழு பந்தைப் பிடித்தாள். அக்ஷயா எட்டாவதை உள்ளே தள்ளினாள், ஒன்பதாவதையும் தள்ளினாள். வலசு ஒன்று திருப்பியது. இரண்டுக்கு ஒன்று. தேர்வாளர் அக்ஷயாவின் பெயரை எழுதி, அதற்கடியில் பூஜிதாவின் பெயரையும் எழுதினார். அக்ஷயா அதை எட்டிப் பார்த்துவிட்டு லோகப்பிரியாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். லோகப்பிரியாவுக்கும் விசில் வைத்தும் அழுகை நிற்கவில்லை.

பந்தி போட்டபோது ஒரு அதிசயம் நடந்தது. நஞ்சுண்டன் பாலகோபாலின் கையைப் பிடித்து முதல் இலையில் உட்கார வைத்தார். ராசம்மாளிடமிருந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

“அய்யோ, நீங்க வந்தவங்க, நீங்க எதுக்குங்க,” என்று பாலகோபால் எழப் போனார்.

“உக்காருங்க.” ஒரு ஒப்புட்டை வைத்தார். இன்னொன்று. இன்னொன்று.

“எனக்குச் சக்கரை இருக்குதுங்க.”

“எழுவத்தி நாலுல இருந்துச்சுங்களா?” நெய்யை ஊற்றினார். “ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இத்தன வருசம் உங்களத் திட்டியே காலத்தப் போக்கிப்போட்டனே.”

பாலகோபால் ஒப்புட்டில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

“சொல்லியிருந்தா அன்னைக்குத் தின்னது உங்களுக்குச் செரிச்சிருக்குமுங்களா?” என்றார்.

நஞ்சுண்டன் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். ராசம்மாள் அவருக்கு ஒன்றே ஒன்று வைத்தாள். அவரும் போதும் என்றுவிட்டார்.