டோரீனுக்கு வராத ஆம்புலன்ஸ்

ராட்டா க்ரீக் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் அன்று நிற்கக்கூட இடமில்லை. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேடைக்குக் கீழே டோரீன் ஹாக்ஸ்வொர்த்தின் சவப்பெட்டி. துக்கத்துக்கு வந்தவர்களுக்காகப் பக்கத்து அடுக்களையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் நைரி பாஸ்கோ. மேயர் டெஸ்மண்ட் க்ராட்டன் மேடையேறியதைப் பார்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டோரீன் நம்ம ஊரோட பொக்கிஷம்," என்று ஆரம்பித்தார் மேயர். "இங்கிலாந்துல பொறந்தாலும் மனசால நம்ம ஊர்க்காரி."

பொக்கிஷமாம்! இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மன்றத்தில், இதே மேடையில், இதே வாய்தான் வேறு மாதிரி பேசியது. ஊர் ஆம்புலன்ஸை மூடப்போகிறோம், இனி மலைக்கு அந்தப்பக்கமிருந்தே வண்டி வரும் என்று மேயர் அறிவித்தபோது டோரீன் ஒருத்திதான் எழுந்து கேள்வி கேட்டாள். "பிடிக்கலைன்னா இங்கிலாந்துக்குக் கப்பல் இன்னும் போய்க்கிட்டுதான் இருக்கு, அம்மணி" என்றார் மேயர். மொத்தக் கூட்டமும் சிரித்தது. அந்தச் சிரிப்பை நைரி இன்னும் மன்னிக்கவில்லை.

டோரீன் இங்கே வந்தது இளம் நர்ஸாக. இங்கிலாந்தின் ஓல்டாமில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளியின் மகள். கப்பலேறி நியூசிலாந்துக்கு வந்து, கரி படிந்த இந்தச் சின்ன ஊரில் இறங்கினாள். அவள் பேச்சு யாருக்கும் புரியவில்லை. இங்கிலாந்துக்காரர்களைக் கேலியாகக் கூப்பிடும் பெயரைச் சொல்லி எல்லோரும் அவளை "பாமி" என்றார்கள். அது ஒட்டிக்கொண்டது. கடைசிவரை உரிந்து விழவில்லை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. எதற்கெடுத்தாலும் "எங்க ஊர்ல..." என்று ஆரம்பிப்பாள். அவள் போடும் தேநீர் தார் மாதிரி இருக்கும். வண்டி ஓட்டினால் வேலியோரத்து ஆடுகள் அலறும்.

அவள் வந்த வருஷமே சுரங்கத்தில் மண் சரிந்தது. நைரியின் அண்ணன் ஜாக் இடிபாட்டிலிருந்து உயிரோடுதான் வெளியே வந்தான். கரி லாரியின் பின்பக்கத்தில் அவனைக் கிடத்தி, மலைக்கு அந்தப்பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் குலுங்கிக் குலுங்கிக் கொண்டுபோனதில் வழியிலேயே போய்விட்டான். லாரியில் அவன் தலையை மடியில் வைத்திருந்தவள் டோரீன். திரும்பி வந்த மறுநாளே வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். ரொட்டிக்காரரின் பழைய வேனைக் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, உள்ளே ஸ்ட்ரெச்சர் போட்டாள். "எவளாவது ஓட்டக் கத்துக்கணும். நீ வா," என்று நைரியை இழுத்துக்கொண்டு போனாள். ஊரின் பாதிப் பிள்ளைகள் அந்த வண்டியிலோ அதற்குப்பின் வந்த வண்டிகளிலோதான் பிறந்தார்கள். வேலைக்கு யாரும் சம்பளம் வாங்கவில்லை.

அவற்றில் கடைசி வண்டியைத்தான் கொட்டகையில் தள்ளிப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

போன வாரம் டோரீன் தன் வீட்டு அடுக்களையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது நைரிதான் பக்கத்தில் இருந்தாள். போன் செய்தாள். வண்டி கிளம்பிவிட்டது, ஆற்றங்கரைச் சாலையில் வெள்ளம், சுற்றிக்கொண்டுதான் வரும் என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கம், பூட்டிய கொட்டகை தெரிந்தது.

"பாக்காதே அங்க," என்றாள் டோரீன். மூச்சு வாங்கியது. "பாத்தா உனக்குக் கோபம் வரும். எனக்கு மூச்சு நின்னுச்சுன்னா என்ன பண்ணணும்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, பேசாம இரு."

"முழங்கைய மடக்காதே. நீ எப்பவும் மடக்குவே."

மூச்சு நின்றது. நைரி மடக்கவில்லை. கை செத்துப்போகும்வரை அவள் நெஞ்சை அழுத்தினாள். வண்டி வந்தபோது டோரீனின் உடம்பு குளிர்ந்திருந்தது.

இப்போது மேடையில் மேயரின் குரல் தழுதழுத்தது. "கடைசி மூச்சு வரைக்கும் இந்த ஊருக்காகவே வாழ்ந்தவங்க. அவங்க ஞாபகமா கடற்கரையில ஒரு மர பெஞ்சு போடறதா கவுன்சில் முடிவு பண்ணியிருக்கு. பித்தளைத் தகடோட."

நைரி தேநீர்க் கூஜாவை ணங்கென்று வைத்தாள். ஏப்ரனோடு மன்றத்துக்குள் வந்தாள்.

"டெஸ், அவளோட கடைசி மூச்சப் பத்தி நீ பேசாதே. அப்போ பக்கத்துல இருந்தவ நான்."

பாதிரியார் எழுந்து, "நைரி, இது நேரமில்லம்மா..." என்றார்.

"வேற எப்போ சாமி நேரம்? அவ பேசினப்போ யாருக்கும் நேரமில்ல." மேயர் பக்கம் திரும்பினாள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மரியாதை எல்லாம் அவளிடம் செல்லாது. "உங்கப்பா சுரங்கத்துல காலை ஒடச்சுக்கிட்டப்போ தூக்கிட்டுப் போனது யாரு? இந்த பாமிதானே? அவளப் பாத்துத்தான் கப்பலேறுன்னு சொன்னே. இப்போ பெஞ்சு போடறியா? அவ உக்காந்து நான் பாத்ததே இல்லடா! அவ கேட்டது வண்டி. அத மூடினே. அந்த வண்டி இல்லாமத்தான் போனா."

"நைரி, மனசு கஷ்டத்துல பேசறே. ஊருக்கு ஊர் ஆம்புலன்ஸ் வச்சுக்க முடியுமா? அப்பவே எல்லாரும் ஒத்துக்கிட்டதுதானே..."

"ஆமா, ஒத்துக்கிட்டாங்க." நைரி நாற்காலி வரிசைகளைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க எல்லாரும்தான் சிரிச்சீங்க. இன்னிக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அழறீங்க?"

பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற சுரங்கக்காரர் க்ளாட் வார்கோ மெதுவாக எழுந்தார். சிரித்தவர்களில் அவரும் ஒருவர். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அவர் பின்னால் நாலைந்து பேர் போனார்கள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேநீருக்குத் திரும்பியபோது மன்ற வாசலில் அந்த ஆம்புலன்ஸ் நின்றது. க்ளாட்டும் கூடப் போனவர்களும் பூட்டை வெட்டி, உயிரில்லாத வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டுவந்து மேயரின் காருக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள்.

"இது சட்ட விரோதம்!" என்று கத்தினார் மேயர். "கான்ஸ்டபிள், என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க?"

கான்ஸ்டபிள் வாயில் சாண்ட்விச். மென்று விழுங்கிவிட்டு, "நான் இன்னிக்கு லீவு, டெஸ். துக்கத்துக்கு வந்திருக்கேன்," என்றார்.

"வண்டிய எடுங்க, க்ளாட்."

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுப்பா," என்றார் க்ளாட். "ரெண்டு வருஷமா பூட்டியே கெடந்துச்சுல்ல. மலைக்கு அந்தப்பக்கமிருந்து யாராவது வந்து சரி பண்ணட்டும். கொஞ்சம் நேரமாகும். உள்ள வா, டீ குடி."

வேறு வழியில்லாமல் மேயர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலம்வரை ஒவ்வொருவராக அவர் முன்னால் போய் நின்றார்கள். ராத்திரியில் மூச்சு முட்டினால் வண்டி எப்போது வரும் என்று ஆஸ்துமா பிள்ளையின் தாய் கேட்டாள். கர்ப்பிணி ஒருத்தி கேட்டாள். அவரிடம் இருந்தது ஒரே பதில்தான். அதுவும் சொல்லச் சொல்லத் தேய்ந்தது. இருட்டுவதற்குள் மறுபடி கூட்டம் போடச் சம்மதித்தார்.

அந்தக் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஊருக்கு மறுபடி ஆம்புலன்ஸ் என்று முடிவானது; அப்படியும் கவுன்சில் இழுத்தடித்ததில் குளிர்காலம் முழுக்கப் போய்விட்டது. வசந்தத்தில் புது வண்டி வந்தது. ரிப்பன் வெட்ட மேயரும் வந்தார். நைரியிடம் கையை நீட்டினார். அவள் கையைக் கொடுக்கவில்லை.

"நீ கேட்டது கெடச்சிடுச்சே, நைரி. இன்னும் என்ன கோபம்?"

"நான் கேட்டது இல்ல, அவ கேட்டது," என்றாள் நைரி. "அதுவும் அவளுக்குக் கெடைக்கல."

ஆம்புலன்ஸ் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருந்தவர்கள் மன்றத்தில் காத்திருந்தார்கள். அதில் பாதிப்பேர் அன்று சிரித்தவர்கள். நைரி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தரையில் கிடந்த பயிற்சிப் பொம்மைக்குப் பக்கத்தில் மண்டியிடச் சொன்னாள்.